பிராசஸரை அதன் வாயாலேயே கேட்பது

ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது விரலுக்குத் தெரிகிறது. வலது உள்ளங்கை படிகிற இடத்தில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம், ஒரு மூலை உரிந்து யாரோ ஒருவருடைய பழைய வியர்வையில் பிசுபிசுக்கிறது. அதில் எந்தப் பிராசஸரின் பெயர் எழுதியிருக்கிறது என்று கடைக்காரர் இதயத்துல்லா சொல்லிவிட்டார், பக்கத்து நாற்காலியில் இருக்கும் என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரியும் படித்துச் சொல்லிவிட்டார், இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதான், இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்டிக்கரை நம்பிப் பழைய மடிக்கணினி வாங்குவது கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டிருக்கிற படிப்பை நம்பிப் பெண் கொடுக்கிற மாதிரி. ஒட்டியிருக்கிறது என்பதுதான் நிச்சயம், உள்ளே இருப்பது அதுதானா என்பதை உள்ளே இருப்பதிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் விசைகள் நன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, நடுவில் லேசாகக் குழிந்து, விரல்நுனியை வா உட்கார் என்கிற மாதிரி. எஃப்பிலும் ஜேயிலும் இருக்கிற சின்ன மேடு தேயவே இல்லை. இந்த மாதிரி விசைப்பலகை இப்போதெல்லாம் செய்வதில்லை, புதிய மெஷின்களில் எல்லாம் தட்டையாகக் கடப்பா கல் மாதிரி இருக்கிறது, அதற்காகத்தான் பழையது வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது. மாமா — வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன் — புதுசாகவே வாங்கிக்கொள்ளலாமே என்றுதான் சொன்னார். இதயத்துல்லா அவரைப் பார்த்துத்தான் பேசுகிறார், குரல் என் இடது தோளைத் தாண்டிப் போகிறது, மேடத்துக்குத் தொடுதிரை வேண்டாமா சார் என்கிறார். நல்ல மனுஷன், யோசிக்காமல் கேட்கிறார். கண் தெரியாதவளுக்குத் தொடுதிரை எதற்கு என்று மாமா சொல்லவில்லை, அவங்க லினக்ஸ் போட்டுக்குவாங்க, அதுக்குத் தோதா பிராசஸர் இருந்தாப் போதும்னாங்க என்று மட்டும் சொன்னார். தோது. பொருத்தம் பார்ப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு, பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை, ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றுக்குள் ஒன்று உட்காருகிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பவர். நான் பார்க்கிற பொருத்தமும் அதுதான், என்ன, இதை அளக்கக் கருவி கிடையாது. என் கைப்பையில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அதில் மெஷினை ஓட்டுகிற சிஸ்டம், ஒரு முழு லினக்ஸ், இருக்கிறது, மெஷினுக்குள் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே எழுந்து நிற்கும், எழுந்ததும் பேசும், திரையில் வருகிற எழுத்தை எனக்குப் படித்துச் சொல்லும். பேசினால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

செருகி, பொத்தானை அமுக்கி, பென் டிரைவிலிருந்து எழச் சொல்கிற மேல்வரிசைப் பன்னிரண்டாவது விசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். காற்றாடி மூச்சு விடுகிறது. இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். சிங்காநல்லூர்ப் பக்கத்து மில்லில் சர்வர் அறையை நான் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிரும் இந்த மூச்சும் சேர்ந்து முகத்தில் அடிக்கும், எந்தப் பெட்டி சரியாக இல்லை என்பது விளக்கைப் பார்ப்பதற்கு முன்னாலேயே காதுக்குத் தெரிந்துவிடும். அப்போது எனக்குப் பார்வை இருந்தது, முழுசாக இல்லை, ஓரங்கள் கரையத் தொடங்கியிருந்தன, யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சொல்ல வேண்டி வந்தது. மில்லில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம், சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். முன்வாசலில் போன் எடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள், சம்பளத்தில் கை வைக்கவில்லை, டீ என் கைக்கே வந்தது. வணக்கம், யார் பேசறீங்க, கொஞ்சம் இருங்க, இணைப்புக் கொடுக்கறேன். வருஷக் கணக்காக இணைப்புக் கொடுத்தேன். சர்வர் அறையில் எனக்குப் பின்னால் வந்தவன் ஏதாவது சிக்கினால் முன்வாசலுக்கு வந்து என் காதருகே குனிந்து கேட்பான், நான் சொல்வேன், போய்ச் செய்வான். பூவும் பொட்டும் வைத்துக் கொலுவில் வைத்த மாதிரி இருந்தேன். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. கை மட்டும் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற கை தூங்கும்போதுகூடத் தட்டச்சு செய்யும், மாமா ஒருநாள் சொன்னார், போர்வை மேல விரல் ஓடுது தமயந்தி, என்ன எழுதற. — வந்துவிட்டது. குரல். தட்டையான, மூக்கால் பேசுகிற, அழகே இல்லாத குரல், உலகத்தில் எனக்குப் பிடித்த குரல்களில் இரண்டாவது. இதயத்துல்லா நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்கிறது, என்னங்க இது, இவ்ளோ வேகமாப் பேசுது, இது தமிழா இங்கிலீஷா என்கிறார். இங்கிலீஷ்தாங்க, பழகினா புரியும் என்கிறேன். இப்போது அவர் குரல் என் முகத்துக்கு நேராக வருகிறது. கடையில் முதல்முறையாக.

கேட்கிறேன். உன் பேர் என்ன. ஒரு சின்னக் கட்டளைதான், மெஷின் தன்னைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் வரிவரியாக ஒப்பிக்கிறது, அறுபத்து நாலு பிட், இரண்டு மூளை, பெயர். பெயர் ஸ்டிக்கரில் இருந்த பெயர் இல்லை. அதைவிட மூத்தது, பல வருஷம் மூத்தது, அண்ணன்கூட இல்லை, சித்தப்பா. எனக்குக் கோபம் வரவில்லை, இதயத்துல்லா ஏமாற்றுகிறவர் மாதிரித் தெரியவில்லை, மூட்டையாக வாங்கி மூட்டையாக விற்பவர், யார் எதை ஒட்டினார்களோ. ஆனால் விரல் விசைகளை விட்டு எழ மாட்டேன் என்கிறது. அறுபத்து நாலு பிட்தானே, ஓடத்தானே செய்கிறது, பேசத்தானே செய்கிறது என்று விரல் வாதாடுகிறது. இதுதான் ஆபத்து. என்னிடம் இருக்கிற இந்த லினக்ஸ் தாராள மனசுக்காரன், கிழவனையும் ஏற்றிக்கொள்வான். ஈரோட்டில் எனக்கு வேலை தரப் போகிற சங்கமித்ரா வைத்திருக்கிற சிஸ்டம் அப்படி இல்லை. சின்ன நிறுவனம், ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளின் சர்வர்களைப் பராமரிக்கிறார்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாம், எனக்குக் கண் தெரியாது என்று சொன்னபோது அந்தப் பெண் ஒரு கணம்கூட நிறுத்தாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள், டிஸ்க் நிறைஞ்சு சர்வர் நின்னா முதல்ல எங்கே பார்ப்பீங்க. அந்தக் கேள்விக்காகவே நான் அவளிடம் வேலை செய்வேன். ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள், எங்க சர்வர்ல ஓடற அதே சிஸ்டம் உங்க மெஷின்லயும் ஓடணும், அது பழைய பிராசஸரைத் தொடாது, பார்த்து வாங்குங்க. பார்த்து வாங்குங்க என்றாள், இயல்பாக. பிராசஸருக்கு என்னென்ன தெரியும் என்பதற்கு அதனிடமே ஒரு நீளமான பட்டியல் உண்டு, ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு குட்டிப்பெயர், அதில் எஸ்எஸ்இ நாலு-இரண்டு என்று ஒன்று வர வேண்டும். அது இல்லாவிட்டால் ஈரோட்டுச் சிஸ்டம் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போய்விடும். பட்டியலைக் கேட்கிறேன். குரல் ஓடுகிறது, ரயிலில் போகும்போது தந்திக் கம்பங்கள் ஓடுகிற மாதிரி, எஃப்பீயூ, வீஎம்ஈ, டீஈ, நான் எதையும் பிடித்துக்கொள்ளாமல் விட்டுக்கொண்டே இருக்கிறேன், எஸ்எஸ்இ, எஸ்எஸ்இ இரண்டு, இன்னும் தூரம் இருக்கிறது, விரல் எஃப்பின் மேட்டைத் தடவிக்கொண்டிருக்கிறது, எஸ்எஸ்இ நாலு-ஒன்று. அடுத்தது எக்ஸ்சேவ். இல்லை. ஒரே ஒரு படி குறைவு. பின்னோக்கிப் போய் மறுபடி கேட்கிறேன், இரண்டாம் முறை கேட்டால் மாறிவிடுமா, மருத்துவர் சொன்னதையும் நான் இரண்டாம் முறை கேட்டேன், அவர் அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். நாலு-ஒன்று. எக்ஸ்சேவ். கையை எடுத்துவிட்டேன். இது வேண்டாங்க, ஸ்டிக்கர்ல இருக்கறது உள்ள இல்லை என்கிறேன். இதயத்துல்லா எழுந்து வந்து திரையைப் பார்க்கிறார், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற உரசல், அட ஆமாங்க என்கிறார், லாட்ல வர்றப்பவே ஒட்டித்தான் வந்தது, நான் அதைப் பார்த்து அப்படியே சொல்லிட்டேன் என்கிறார், உண்மையாகவே சங்கடப்படுகிறார், பிறகு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுக்கிற சத்தம்.

இரண்டாவதைக் கொண்டு வந்து வைக்கிறார், மேசை அதிர்கிறது. கனம். மூடியில் கீறல்கள், யாரோ சாவிக்கொத்தோடு சேர்த்துப் பைக்குள் போட்டிருக்கிறார்கள். திறந்ததும் ஊதுபத்தி வாசனை, ஒரு வீட்டின் பூஜை அலமாரிக்குக் கீழே வருஷக் கணக்கில் இருந்திருக்கும். விசைகள் முதலாவது அளவுக்கு இல்லை, கொஞ்சம் விறைப்பு, இடைவெளி விசை ஒரு பக்கம் சாய்கிறது, ஆனால் விரல் போகிற இடத்துக்குப் போகிறது, பழகிக்கொள்ளலாம், நான் எத்தனையோ பழகிக்கொண்டிருக்கிறேன். பென் டிரைவ், பொத்தான், மேல்விசை. காற்றாடி. காத்திருக்கிறேன். கீழே தெருவில் காந்திபுரம் பஸ் ஒன்று ஹாரன் அடிக்கிறது, பக்கத்துக் கடையில் பிரிண்டர் ஓடி நிற்கிறது. குரல் வர வேண்டிய நேரம் வந்து போய்விட்டது. இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம். போன தடவை மாமாவின் அக்கா பையன் எனக்காக ஆசையாக ஒன்று வாங்கி வந்தான், சின்னதாக, சிலேட்டு மாதிரி, பாவம் அவனுக்கு என்ன தெரியும், பிராசஸர் ஒரு விதம், அதை எழுப்புகிற மென்பொருள் இன்னொரு விதம், இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் என் லினக்ஸ் அதில் எழவே இல்லை. சாப்பாட்டு மேசையில் அதன் முன்னால் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். கண் இருக்கிறவர்களுக்கு மெஷின் முரண்டு பிடித்தால் திரையில் ஒரு வரி எழுதும், முடியாது என்றாவது சொல்லும். எனக்கு அந்த வரிகூட வராது. முடியாது என்பதும் மௌனம், கொஞ்சம் பொறு என்பதும் மௌனம், நீ யார் என்பதும் மௌனம். பார்வை போனபோது இருட்டு வரும் என்று நினைத்திருந்தேன், இருட்டு வரவில்லை, ஜன்னல் கதவு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தது, கடைசிக் கதவு எது என்று தெரியாமலே சாத்திவிட்டது. அதற்குக்கூட நான் பயப்படவில்லை. பதில் சொல்லாத மெஷினுக்குப் பயந்தேன், அன்றைக்கு அந்த மேசையில், இனி எல்லாமே இப்படித்தானோ என்று. இங்கேயும் வரவில்லை. மாமா நாற்காலியில் அசைகிறார். திரையை எட்டிப் பார்க்கிறார், சட்டையின் கஞ்சி மொடமொடப்பு என் கையில் உரசுகிறது. இதயத்துல்லா சொல்கிறார், எழுத்து வந்துருச்சுங்களே, கடைசியில ஒரு கோடு மின்னிட்டு நிக்குது. மாமா தொண்டையைச் செருமுகிறார். அவர் படிக்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. மாத்திரை அட்டை, கரண்ட் பில், ஓட்டல் சுவரில் எழுதியிருக்கிற பலகாரங்கள், சுடுகாட்டுக்குப் போன வழியில் பார்த்த போஸ்டர், எல்லாம் அவர் படித்துத்தான் எனக்கு வந்தது, செருமிவிட்டுத்தான் தொடங்குவார்.

"படிக்காதீங்க மாமா."

சொன்ன பிறகுதான் குரல் கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது என்று தெரிகிறது. "நீங்க வேலைக்குப் போயிருக்கறப்ப இது இப்படி நின்னா யாரு படிப்பாங்க. நானே வெளிய கொண்டு வரணும். வரலைன்னா இது எனக்கு ஆகாது."

அவர் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். யோசி. இதயத்துல்லா சொன்னது காதில் விழுந்துவிட்டது, அதை விழாத மாதிரி வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் அவர் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும், காற்றாடி வேகமெடுத்துப் பிறகு தணிந்தது, முதலாவது மெஷின் பேசத் தொடங்குவதற்கு முன்னால் அதேபோல்தான் தணிந்தது. எழுந்துவிட்டது. எழுந்து, பேசிக்கொண்டும் இருக்கிறது. வாய்தான் இந்தப் பக்கம் இல்லை. டீவியில் இணைக்க ஒரு ஓட்டை இருக்குமே, இந்த வகை மெஷின்கள் சில சமயம் அதையே முதல் ஒலிபெருக்கி என்று நினைத்துக்கொள்ளும், யாரும் செருகாத அந்த ஓட்டை வழியாகப் பாவம் இத்தனை நேரமாக எனக்கு எல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சரி, திருப்பிவிடுவோம். இரண்டாவது ஒலிக்கருவியை எடுத்துக்கொள், குரலை மறுபடி தொடங்கு, அவ்வளவுதான், இரண்டு வரி. மனப்பாடம்தான். தட்டுகிறேன். ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பு கைக்கடியில் ஒட்டுகிற மாதிரி இருக்கிறது, இல்லை, இது வேறு மேசை, லாமினேட், குளிர்ச்சியாக இருக்கிறது. எங்கே தவறியது. இடைவெளி விசை. சாய்ந்த பக்கத்தில் தட்டியிருக்கிறேன், விழுந்திருக்காது, இரண்டு சொல் ஒரே சொல்லாக ஒட்டிப்போயிருக்கும். மெஷின் என்ன செய்யும், புரியவில்லை என்று திரையில் எழுதியிருக்கும். மாமாவுக்கு அது தெரிந்திருக்கும். அவர் வாயைத் திறக்கவில்லை. கட்டைவிரலை நடுவுக்கு நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக, அவசரம் இல்லை, அமெரிக்காக்காரன் எழுதினாலும் ஜப்பான்காரன் எழுதினாலும் இந்த வரி இதேதான், மில்லின் குளிர் அறையில் நடுங்குகிற விரலோடு எழுதினாலும் இதேதான், இந்த ஊரில் இந்த நிமிஷத்தில் இதை இந்தப் பெட்டிக்குள் அனுப்பத் தெரிந்தவள் நான். எனக்குத் தெரியும். தெரியும் என்பது விரலில் இருக்கிறது, கண்ணில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கடைசி விசை. குரல் பாதி வார்த்தையில் வெடித்துக்கொண்டு வருகிறது, உச்ச சத்தத்தில், இதயத்துல்லா கையில் வைத்திருந்த எதையோ கீழே போடுகிறார், நான் சிரித்துவிட்டேன், சத்தத்தைக் குறைக்கக்கூடத் தோன்றாமல்.

பேர் என்ன. சொல்கிறது. இந்த முறை இதயத்துல்லா ஸ்டிக்கரைப் பற்றி முன்கூட்டி எதுவும் சொல்லியிருக்கவில்லை, பெயர் எனக்கு முதலில் தெரிகிறது, நான்தான் அவருக்குச் சொல்கிறேன். என்ன தெரியும் உனக்கு. கம்பங்கள் ஓடுகின்றன. நாலு-ஒன்று. நாலு-இரண்டு. இடையில் நான் கேட்காத ஒன்று, பிறகு பாப்கவுண்ட், அதுவும் வேண்டியதுதான், ஏஈஎஸ், ஏவிஎக்ஸ், ஒப்பிக்கிற பிள்ளை நிறுத்தத் தெரியாமல் ஒப்பிக்கிற மாதிரி, போதும் சாமி, போதும். வயர்லெஸ் எழுந்திருக்கிறதா, எழுந்திருக்கிறது. நினைவகம் போதும். ஈரோட்டுச் சிஸ்டத்தின் ஒரு பிரதி அதே பென் டிரைவில் இரண்டாவதாக இருக்கிறது, அதையும் எழுப்பிப் பார்த்துவிடுகிறேன், வாசலில் நிற்காமல் உள்ளே வருகிறது, பேசுகிறது. இதை எடுத்துக்கறேங்க என்கிறேன். இதயத்துல்லா பில் போட மாமாவிடம் பெயர் கேட்கவில்லை, என்னிடம் கேட்கிறார். பிறகு கொஞ்சம் தயங்கி, இன்னும் நாலஞ்சு லாட்ல வந்து கெடக்குது, ஒருநாள் வந்து இந்த மாதிரி பேச வெச்சுச் சொல்லிட்டுப் போவீங்களா, எது எதுன்னு எனக்கும் தெரியட்டும் என்கிறார். சனிக்கிழமை வர்றேன் என்று சொல்லிவிட்டேன். மாமாவைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்பது படி இறங்கும்போதுதான் உறைக்கிறது.

கீழே டீக்கடை. வெயில் கன்னத்தின் ஒரு பக்கம் மட்டும் விழுகிறது, மாமா என்னை நிழலில் நிறுத்த முயன்று பாதிதான் முடிந்திருக்கிறது. பை என் தோளில், கனம் இடுப்பில் இடிக்கிறது, நல்ல கனம். சங்கமித்ராவுக்குப் போன் போட்டு நாளைக்கே தொடங்கலாம் என்று சொல்லிவிட்டேன், சரி, காலையில் கடவுச்சொல் அனுப்புகிறேன் என்றாள், வாழ்த்தெல்லாம் இல்லை, எனக்கு அதுதான் பிடித்தது. டம்ளர் சூடு. மாமா குடிக்கவில்லை, ஊதுகிற சத்தமே இல்லை. அவர் பேசாமல் இருப்பது மெஷின் பேசாமல் இருப்பது மாதிரி இல்லை, இதில் எனக்கு எல்லாம் கேட்கும். அங்கே மேலே, திரையில் தப்பு தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தாரே, அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். தரம் பார்க்கிறவருக்குத் தப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது. கடைசியில் அவரே சொன்னார், டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும், குரல் கீழே போனது.

"இனிமே நான் படிச்சுச் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதில்ல."

சட்டென்று சொல்ல ஒரு ஆறுதல் நாக்கில் வந்தது. மில்லில் எனக்குச் சொன்னார்களே, நீங்க இல்லாம எப்படிங்க, உங்க குரலுக்காகவே போன் பண்றாங்க, அந்த மாதிரி ஒன்று. அதை விழுங்கிவிட்டேன். அவரை முன்வாசலில் உட்கார வைக்க மாட்டேன்.

"கரண்ட் பில்லு, மாத்திரை அட்டை எல்லாம் படம் புடிச்சுக் குடுத்தா மெஷினே படிச்சுரும் மாமா. அந்த வேலை உங்களுக்கு மிச்சம்" என்றேன். பிறகு, "எதுத்தாப்புல என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

"என்ன நடக்குது. ரோடு. வண்டி போகுது."

"அவ்ளோதானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டார். செருமவில்லை. ஒரு பையனும் பொண்ணும் ஸ்கூட்டர்ல வர்றாங்க என்றார், பின்னால உக்காந்திருக்கற பொண்ணு கையில ஒரு பெரிய நெலைக்கண்ணாடி, குறுக்க புடிச்சிருக்குது, சிக்னல்ல நிக்கறாங்க. கண்ணாடிக்குள்ள பஸ்ஸு தலைகீழா இல்லை, சாஞ்ச மாதிரி தெரியுது, அதுக்குள்ள ஒரு கண்டக்டர் தலை சீவிக்கறாரு, இந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் சீவறாரு, அந்தப் பொண்ணுக்கு அது தெரியலை. இன்னும் சீவறாரா என்று கேட்டேன். இரு, பச்சை விழப் போகுது, மீசைக்கு வந்துட்டாரு என்றார்.